யாழ்ப்பாணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள், கொழும்பில் என் பெயருக்கு

விற்றவர் நல்ல மனிதர். ஆனால் பதிவுச் சான்றிதழில் இருந்தது அவருடைய பெயர் இல்லை. அவரும் 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல், வாங்கியவர்தான். அதோடு, கட்டி முடித்த லீசிங் (வாகனக் கடன்) ஒன்றின் கம்பனிப் பெயரும் அதில் அழியாமல் கிடந்தது. பெயர் மாற்றம் அங்கேயே நின்றது.

முதலில் லீசிங் கம்பனியிடம், கடன் முடிந்துவிட்டது என்ற விடுவிப்புக் கடிதம் கேட்டோம். பழைய கணக்கைத் தேடி எடுக்கவே இழுத்தடித்தார்கள். விற்ற அண்ணைதான் விடாமல் அலைந்து வாங்கித் தந்தார். அப்புறம் சாவகச்சேரியில் இருந்த பதிவு உரிமையாளரைக் கண்டுபிடித்து, உரிமை மாற்றத்தை அறிவிக்கும் எம்.டி.ஏ. 6 படிவத்தில் கையெழுத்தும் அடையாள அட்டைப் பிரதியும் பெற்றோம். புதிய உரிமையாளருக்கான எம்.டி.ஏ. 8 படிவத்தை நான் நிரப்பினேன். எல்லாவற்றையும் அசல் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்ததும் வேலை ஓடியது.

வாகனத்துக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் வேறு விஷயம். அது மாகாணத்துக்குரியது, காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் வேண்டும்.

வெளி மாகாணத்தில் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கும் முன் சான்றிதழில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அது விற்பவரின் பெயர் இல்லையென்றால், கையெழுத்து வரும்வரை முழுக் காசையும் கொடுக்க வேண்டாம்.