பயன்பாட்டுக் கணிதம்: தானே படிக்கப் புத்தகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பயன்பாட்டுக் கணிதத்துக்கு எந்தப் புத்தகம் நல்லது?” என்று கேட்பதிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்சார் முறைகள், உகமமாக்கல் (இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைக் கணக்கிட்டுத் தேடுவது), நிகழ்தகவு எனப் பல துறைகளுக்கு அது பொதுப்பெயர். எதற்காகப் படிக்கிறோம் என்று தீர்மானிக்காமல் தேடினால், எல்லாவற்றையும் அடக்கிய ஆயிரம் பக்கப் பொறியியல் கணித நூல்தான் கைக்கு வரும். வேண்டியதைப் புரட்டிப் பார்க்க அது அருமையான நூல். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது, புகழை நம்பி நம் அடிப்படையை மறப்பது. உகமமாக்கலுக்கு ஸ்டீபன் பாய்டும் லீவன் வாண்டன்பெர்கும் எழுதி 2004-இல் வெளியான பாடநூலை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆசிரியர்களே அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் வெக்டர்களையும் அணிகளையும் கையாளும் நேரியல் இயற்கணிதம் கைவராதவர் அதில் சீக்கிரமே திணறுவார். அதே இருவர் 2018-இல் வெக்டர்கள், அணிகள், மீச்சிறு வர்க்க முறை பற்றி எளிய நூல் ஒன்றை எழுதினார்கள். அதுவும் இலவசம்தான். அங்கே தொடங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. முன்னுரையில் “முன்னறிவு அதிகம் தேவையில்லை” என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து இரண்டு பக்கம் படித்தாலே உண்மை தெரிந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு, சூத்திரங்களை மட்டும் அடுக்கித் தரும் நூலைத் தேர்ந்தெடுப்பதுதான். தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசல் விலகும் கோணம் தீட்டா என்றால், சைன் தீட்டாவுக்குப் பதிலாகத் தீட்டா என்று எழுதினால் சமன்பாடு எளிதாகி, அலைவு நேரத்துக்கான சூத்திரம் வந்துவிடும். மோசமான நூல் அத்துடன் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நல்ல நூல் அங்கே நின்று, இந்தத் தோராயம் எதுவரை செல்லும் என்று கேட்கும். ஊசலை 10 பாகை விலக்கி விட்டால் உண்மையான அலைவு நேரம் சூத்திரம் சொல்வதைவிட ஏறக்குறைய 0.2 சதவீதம்தான் கூடும். 60 பாகை விலக்கினால் சுமார் 7 சதவீதம் கூடிவிடும். சமன்பாட்டில் எந்த உறுப்பை விடலாம், விட்டால் எவ்வளவு பிழை வரும் என்று கணக்கிடுவதுதான் இந்தத் துறையின் உயிர். அதைக் கற்றுத்தராத நூல் எவ்வளவு பருமனாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய பதிப்பு என்று ஒதுக்குவதும் தேவையில்லாதது. வகை நுண்கணிதம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பிழைதிருத்தப் பட்டியல் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சிக் கணக்குகளைப் பார்க்காமல் வாங்குவதுதான் பின்னால் அதிகம் வருந்த வைக்கும். வகுப்பில் திருத்த ஆசிரியர் இருக்கிறார். தனியாகப் படிப்பவருக்கு விடைகள்தான் ஆசிரியர். பாதிக் கணக்குகளுக்காவது விடை இருக்கட்டும், சிலவற்றுக்கு முழுத் தீர்வும் இருக்கட்டும். விடை இல்லாத நல்ல நூலே கிடைத்தால், ஒவ்வொரு விடையிலும் அலகுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மாறியைப் பூச்சியமாக்கியும் மிகப் பெரிதாக்கியும், விடை பொருளுள்ளதாக இருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் எண்களைப் போட்டு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பிழைகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அகப்பட்டுவிடும்.