ராஸ்பெரி பை மெமரி கார்டை விண்டோஸில் திறக்க

'ராஸ்பெரி பை' என்ற சின்னக் கணினியில் ஓடிய மெமரி கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால், 'பூட்' என்ற சின்னப் பகுதி மட்டும்தான் திறக்கும். கூடவே, 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரும். அதில் கேன்சலை அழுத்துங்கள். கார்டு கெடவில்லை. உங்கள் கோப்புகள் இருக்கும் பெரிய பகுதி லினக்ஸ் இயங்குதளத்தின் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறையில் இருக்கிறது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கை தவறிவிடும் என்று பயமிருந்தால், சின்னக் கார்டைப் பொருத்தும் எஸ்டி அடாப்டரின் ஓரத்தில் இருக்கும், எழுதவிடாமல் தடுக்கும் லாக் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டுச் செருகுங்கள்.

சும்மா கோப்புகளை நகலெடுக்க மட்டும் என்றால் 'லினக்ஸ் ரீடர்' என்ற இலவச மென்பொருள் போதும். அது படிக்க மட்டுமே செய்யும், கார்டில் எதையும் எழுதாது. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. இன்னொரு வழி: 'வின்32 டிஸ்க் இமேஜர்' கொண்டு முழுக் கார்டையும் அப்படியே ஒரே கோப்பாக (இமேஜ்) எடுத்துக்கொண்டு, அதை 7-ஜிப் என்ற மென்பொருளில் திறப்பது. 32 ஜிபி கார்டுக்கு ஏறக்குறைய அதே அளவு காலி இடம் வேண்டும். ஆனால் பேக்கப்பும் கையோடு கிடைத்துவிடும்.

கோப்பைத் திருத்த வேண்டுமா? உபுண்டு என்ற லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமல் 'டிரை' முறையில் பூட் செய்யுங்கள். லாக்கை எடுத்துவிட்டுக் கார்டைச் செருகினால் இரண்டு பகுதிகளும் தெரியும். அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தால் டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் சுடோ (sudo, நிர்வாகி அனுமதியோடு இயக்கும் சொல்) போட வேண்டியிருக்கும்.