ரிவால்வரில் முன் சைட், பின் சைட்: குறி பார்க்கப் பழகும் முறை

தோட்டத்துச் சாளையில் லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் நம் கொங்குப் பக்கம் உண்டு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வந்து பீரோவில் பூட்டுவார்கள். துப்பாக்கியின் மேலே குறி பார்ப்பதற்கென்றே இருக்கும் சைட் வழியாகக் குறி பார்க்கத் தெரியுமா என்று கேட்டால் பதில் வராது. ஆயுதம் வைத்திருப்பவருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். பழகும் இடம் அங்கீகாரம் பெற்ற ரேஞ்ச் (சுடும் பயிற்சிக்களம்) மட்டுமே, பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க வேண்டும். தோப்பில் தேங்காயை வைத்துச் சுடுவது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து.

முதலில் சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் சுழலும் உருளையைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு தோட்டா அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். காலி என்று தெரிந்த பிறகும் குழல்முனை இலக்கு இருக்கும் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு (சுடும் விசைக்கு) வெளியே இருக்கட்டும்.

இனி சைட். குழல்முனையின் மேலே நிற்கும் சின்னத் தகடு முன் சைட். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளம் பின் சைட். சின்ன ரிவால்வர்களில் பின் சைட் என்று தனியாக எதுவும் இருக்காது, துப்பாக்கி உடலின் மேல்பக்கம் வெட்டிய நீளப் பள்ளம்தான் அது. பள்ளத்துக்குள் தகடு நடுவில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே அகலம் இருக்க வேண்டும், தகட்டின் தலையும் பள்ளத்தின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு சைட்டுக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தகடு வலப்பக்கம் வெறும் 1 மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 6.7 செ.மீ. வலப்பக்கம் போகும். 25 மீட்டரில் அது 16.7 செ.மீ. அதுவே சைட் இரண்டும் சரியாக அமைந்திருந்து, கை மொத்தமாக 1 செ.மீ. நகர்ந்தால் குண்டும் 1 செ.மீ. மட்டும்தான் நகரும். புதிதாக வருபவர்கள் கை ஆடுவதை நினைத்தே பயப்படுகிறார்கள். கை எல்லோருக்கும் ஆடும், விட்டுவிடுங்கள். தகடு பள்ளத்தின் நடுவை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரத்தைக் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. அதனால் பார்வையை முன் சைட்டில் வையுங்கள். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியட்டும், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். மனசு இலக்கைப் பார்க்கத்தான் துடிக்கும், இதைப் பழக்கத்தால்தான் மாற்ற முடியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன் சைட்டே மங்கலாகத் தெரிந்தால், கையை நீட்டும் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி வேண்டும் என்று கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, ட்ரிகர். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதையால், நேர் பின்னோக்கி, மெதுவாக அழுத்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் வலது கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போகும்.

மணல் மூட்டையில் கையைத் தாங்கலாக வைத்து, 10 மீட்டரில் ஐந்து குண்டு சுடுங்கள். துளைகள் சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடாதீர்கள், கோளாறு கையில்தான். நெருக்கமாக விழுந்தும் இலக்கை விட்டு ஒதுங்கியிருந்தால் மட்டும் சைட்டைச் சரிசெய்யலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும்: மேலே போக வேண்டுமென்றால் மேலே, வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். முன் சைட்டுக்கு இது நேர்மாறு. ஆகவே குண்டு கீழே விழுகிறதென்றால் தகட்டின் உயரம் குறைய வேண்டும். நகர்த்த முடியாத, நிலையான சைட் உள்ள துப்பாக்கியில் தகட்டை அரத்தால் தேய்த்துத்தான் குறைக்க வேண்டும். அந்த அரத்தை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம், லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

சாயங்கால வெயில் தகட்டில் பட்டுப் பளபளத்தால் விளிம்பு ஏமாற்றும். காலியான துப்பாக்கியில், தோட்டாக்களைத் தூர வைத்துவிட்டு, தகட்டுக்கு மட்டும் கற்பூரப் புகை காட்டினால் பளபளப்பு போய்விடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் திறந்தவெளி ரேஞ்சில் கை ரொம்பவே அலையும். சைட் திருத்தும் வேலையை அந்த நாட்களில் காலையிலேயே, காற்று கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.