மகளுக்குக் கடைக் கட்டடம், மகனுக்கு வியாபாரமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டோடு சேர்ந்த கடை மகளுக்குச் சீதனமாகப் போய், வியாபாரம் மகன் கையில் நிற்பதுண்டு. சண்டை அங்கேதான் முளைக்கும். சீதன உறுதி (சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) முடிக்கும் முன்பே தகப்பன் கடைப்பகுதியை மகனுக்குக் குத்தகைக்கு எழுதிவிடட்டும். வாய்ப்பேச்சு உதவாது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) முன், 2 சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். உடனே காணிப் பதிவகத்தில் பதியுங்கள், இல்லாவிட்டால் பிறகு பதியும் உறுதி முந்திக்கொள்ளலாம்.

எத்தனை வருடம், வாடகை எவ்வளவு, எப்போது கூட்டுவது, கூரை ஒழுகினால் யார் செலவு, மீற்றர் யார் பேரில்: எல்லாம் எழுத்தில் வரட்டும். (பழைய பேச்சு மருமகனுக்குத் தெரியாதே!) சீதன உறுதியிலும் இந்தக் குத்தகையைக் குறிப்பிடச் சொல்லுங்கள். கடன் கொப்பியில் வரவேண்டிய பாக்கி யாருக்கென்பதைத் தனித்தாளில் எழுதி, தகப்பன், மகன், மகள் மூவரும் கையெழுத்திடுங்கள்.