எஸ்ஸன் கண்காட்சியில் படைப்பாளரைச் சந்திக்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடந்துவரும் ‘ஷ்பீல்’ கண்காட்சியில், பலகை விளையாட்டுகளைப் படைத்தவர்கள் ரசிகர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஆடுவதையும் பெட்டிகளில் கையொப்பமிடுவதையும் அக்டோபர்தோறும் காணலாம். சில ஆண்டுகளாக அங்கே ஓர் அரங்கில் விளையாட்டுகளை விளக்கிச் சொல்லும் பணியில் இருக்கிறேன். இப்பணி செய்பவரை ‘எர்க்ளேர்பேர்’, அதாவது விளக்கும் கரடி, என்று அங்குள்ளோர் செல்லமாக அழைப்பார்கள். முன்பு ரசிகனாகச் சென்று நான் செய்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். வரிசையில் முந்தக் கூடாது என்பது போன்றவற்றை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கையொப்ப மேசையில் சொந்த விளையாட்டை விரிப்பது

நான் முதன்முறை சென்றபோது, வீட்டில் அச்சிட்டு வெட்டிய அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி எடுத்துச் சென்றிருந்தேன். என் முறை வந்ததும் கையொப்பம் கேட்காமல் அந்தப் பெட்டியைத் திறந்தேன். படைப்பாளர் பேனாவை மூடி வைத்து, இரு கைகளையும் மேசையிலிருந்து விலக்கிக்கொண்டு, இதைத் தாம் பார்க்க இயலாது என்று பணிவாகச் சொன்னார். நான் விடாமல் பேசினேன். எனக்குப் பின்னால் பெட்டி மூடியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்த சிறுமி, கையொப்ப நேரம் முடிந்துவிட்டதால் வெறுங்கையோடு திரும்பினாள். அவள் முகம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அவர் மறுத்ததைச் செருக்கு என்றே பல மாதங்கள் எண்ணியிருந்தேன். காரணம் பிறகுதான் விளங்கியது. ஒரு விளையாட்டின் விதிநூல் வாசகத்துக்கும் ஓவியங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. ஆடும் முறை பற்றிய எண்ணத்துக்கு அது கிடையாது. எது யாருடைய எண்ணம் என்பது படைப்பாளரின் பெயரையும் நம்பிக்கையையும் பொறுத்தே நிற்கிறது. ஆகவே பிறருடைய வெளிவராத படைப்பை ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னாளில் தாமாகவே சிந்தித்து அதைப் போன்ற ஒன்றை வெளியிட்டாலும் திருட்டுப் பழி அவர் மேல் விழக்கூடும். படைப்பாளருக்குப் பெயரே முதல். 1988ஆம் ஆண்டு நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் கூடிய படைப்பாளர்கள், பெட்டியின் மேல் தங்கள் பெயரை அச்சிடாத பதிப்பகத்துக்கு விளையாட்டு தருவதில்லை என்று பீர்க் கோப்பையின் அடியில் வைக்கும் அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அப்படிப் போராடிப் பெற்ற பெயரைக் காத்துக்கொள்ளத்தான் அவர் கைகளை விலக்கிக்கொண்டார்.

சென்ற முறையும் ஓர் இளைஞர் துணிப்பையிலிருந்து அட்டைக்கட்டை எடுத்தபோது எனக்குக் கோபமே வந்தது, ஏனெனில் அதற்கென்று நல்ல வழிகள் இருக்கின்றன. ஆட்டக்காரர் எண்ணிக்கை, நேரம், வயது, புதுமை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, விளையாட்டுகளைத் தேர்ந்து செப்பனிடும் பதிப்பக ஆசிரியருக்குப் பல வாரங்கள் முன்பே அனுப்பிச் சந்திப்பு நேரம் கேளுங்கள். கோட்டிங்கன் நகரில் ஆண்டுதோறும் கூடும் படைப்பாளர் சந்திப்பு, வெளிவராத விளையாட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டுவதற்காகவே நடப்பது.

பிரிக்காத பெட்டியோடு வரிசையில் நிற்பது

வாங்கியவுடனே பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிடுங்கள்.

மூடியின் வெளிப்புறத்தை நீட்டுவது

வழவழப்பான பூச்சின் மேல் மை எளிதில் உலராது. விரல் பட்டால் இழுபடும். மூடியின் உட்புற வெள்ளைத்தாளில் வாங்கி, இரண்டு நிமிடம் திறந்தே வைத்திருங்கள். நம் பெயர்கள் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை என்பதால், ஆங்கில எழுத்துகளில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஆட்ட விதி பற்றிய தகராறைத் தீர்க்கச் சொல்வது

விதிநூலின் இறுதி வடிவத்தில் பெரும்பாலும் பதிப்பக ஆசிரியரின் கையும் இருக்கும். படைப்பாளர் நினைவில் பழைய வடிவங்கள் பலவும் கலந்து கிடப்பதால், அவர் சொல்லும் தீர்ப்பு அச்சான விதிக்கு மாறாகவும் அமையலாம். அதைவிட, எதை நீக்கினீர்கள் என்று கேளுங்கள். எங்கள் அரங்கில் ஒரு பெண்மணி அப்படிக் கேட்டபோது, படைப்பாளர் மதிப்பெண் தாளைத் திருப்பிப் போட்டு, முதலில் ஆட்டத்தில் இருந்து பின்னர் நீக்கிய ‘இரண்டாவது சந்தை’ என்ற பகுதியைக் கட்டம் கட்டமாக வரைந்து, அது ஆட்டத்தை எங்கே தேக்கியது என்று பேனா முனையால் காட்டினார்; பிறகு அந்தத் தாளையே மடித்து அவரிடம் கொடுத்துவிட்டார்.