என்.எம்.எம்.எஸ். தேர்வு: மலையோரப் பள்ளிகள் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டிய வேலை

என்.எம்.எம்.எஸ். என்பது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் திட்டம். எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். தருமபுரி மாவட்டச் சித்தேரி, கிருஷ்ணகிரி மாவட்ட அஞ்செட்டி பக்கம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஒரு சான்றிதழாலும் ஒரு ஓ.டி.பி.யாலும் இதை இழந்துவிடுகிறது. அந்த அநியாயத்தைப் பள்ளியும் பள்ளி மேலாண்மைக் குழுவும் நினைத்தால் தடுக்கலாம்.

அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு மூன்றையும் அரசே தரும் உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கு விதி இடம் தரவில்லை. உங்கள் பள்ளி அந்த வகையில் வருமா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என மூன்று கை மாறி வர வேண்டும். அப்பா, அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பிள்ளை பாட்டியிடம் வளரும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்கள் தீபாவளிக்கு ஊர் வரும்போது சான்று, ஆதார், வங்கி வேலைகளை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். ஆதாரில் இனிஷியல் விரிந்தும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில் ஒற்றை எழுத்தாகவும், பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருந்தால் பணம் வரும்போது சிக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரெழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

தேர்வு இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. தலா 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தகுதி பெற 180-க்கு 72 வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 58. இது வாசற்படிதான், இடம் கிடைக்க மேலே போக வேண்டும்.

மனத்திறன் எந்தப் பாடநூலிலும் இல்லை. டியூஷன் போகாத பிள்ளை முதலில் தடுமாறுவது இதில்தான். தினம் இருபது நிமிடம் கரும்பலகையில் போடுங்கள். 2, 6, 12, 20 அடுத்தது என்ன? விடையைச் சொல்லாமல், இடைவெளி 4, 6, 8 என்று பிள்ளையே எழுதிப் பார்க்கட்டும். 30 தானாக வரும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் ஒப்புமைக் கேள்விகள் கடினம். அவர்களுக்கு எண், உருவத் தொடர்களில் மதிப்பெண்ணை உறுதி செய்துவிட்டு, சொற்களைத் தனியாகப் பழக்குங்கள்.

வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்து மாதம் இரண்டு முறையாவது நிரப்பச் சொல்லுங்கள். 37-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 38-இன் விடையை 37-இன் வரிசையில் நிரப்பினால், அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப் போய்விடும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் வர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வரிசைகூடக் காலியாக இருக்கக் கூடாது.

தேர்வானதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய இழப்பு. நடுநிலைப் பள்ளிப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும். அங்கே யாருக்கும் இது தெரியாது. டி.சி.யோடு தேர்வு விவரத்தையும் எழுதிக் கொடுத்து, புதிய பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் சொல்லுங்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பிள்ளை பதிவு செய்து, அந்தப் பள்ளியும் பிறகு மாவட்டமும் சரிபார்த்தால்தான் பணம். ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கும் அப்பாவின் போனுக்குப் போகும் என்றால், பதிவு செய்யும் நேரத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில், ஆதார் இணைத்து, முடங்காமல் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பில் தொடர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55 வேண்டும். இதைப் பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதமே பிள்ளையிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.