ஃபெஸ் நகரில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறதா? இப்படிச் சுற்றுங்கள்

மொராக்கோ போகிறவர்கள் ஃபெஸ் நகரத்துக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, அரண்மனை வாசல், புதிய நகரம், மட்பாண்டப் பட்டறை, முடிந்தால் மெக்னெஸுக்கும் ஓர் ஓட்டம் என்று திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். ஃபெஸ் எல் பாலி என்ற பழைய நகரம் மட்டும் போதும். 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, கார் நுழைய முடியாத சந்துகள், அதை அவசரப்படாமல் பார்க்கவே ஒரு நாள் பத்தாது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: நகரம் சரிவில் இருக்கிறது. மேற்கே மேட்டில் பாப் பூ ஜெலூத் வாசல், கீழே பள்ளத்தில் ரசீஃப் சதுக்கம். காலை ஒன்பது மணி வாக்கில் மேலே ஆரம்பித்து, தலா கெபிரா தெரு வழியாக இறங்கிக்கொண்டே போங்கள். போன் மேப் சந்துகளுக்குள் குழம்பிவிடும், ஆனால் சரிவு ஏமாற்றாது, வழி தப்பினால் கீழ்நோக்கி நடந்தாலே ஏதாவது பெரிய தெரு வந்துவிடும். "அந்தப் பக்கம் மூடியிருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன்" என்று பையன்கள் வருவார்கள். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். "பாலக்!" என்று பின்னால் சத்தம் கேட்டால் மட்டும் யோசிக்காமல் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள், சுமை ஏற்றிய கழுதை வருகிறது.

இறங்கத் தொடங்கியதுமே பூ இனானியா மதரஸா. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், முஸ்லிம் அல்லாதவர்களும் முற்றத்துக்குள் போகலாம். போட்டோ எடுத்துவிட்டு ஓடிவிடாமல் ஒரு சுவர் முன்னால் நின்று கீழிருந்து மேலே பாருங்கள்: கீழே சின்னச் சின்னதாக வெட்டிப் பதித்த வண்ண ஓடுகள், அதற்கு மேல் சுண்ணச் சாந்தில் செதுக்கிய பூவேலை, உச்சியில் கறுத்துப்போன தேவதாரு மரம். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம்கள் மட்டும்தான் போகலாம், மற்றவர்கள் வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்க்கலாம். அப்புறம் பக்கத்திலேயே சஃபரீன் சதுக்கம், செம்புப் பாத்திரம் தட்டுகிற இடம். அங்கே ஒரு டீ குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவது எந்த மியூசியத்தையும் விட மேல் என்பேன்.

ஷவாரா தோல் பதனிடும் இடத்தை மேலிருந்துதான் பார்க்க முடியும், அதுவும் தோல் கடைகளின் மாடியிலிருந்து. நாற்றத்துக்கு ஒரு கொத்துப் புதினா தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், அங்கே ஊறி மிருதுவான பிறகுதான் தோல் சாயத் தொட்டிக்குப் போகிறது. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஏறும்போதே சொல்லிவிட்டு, இறங்கும்போது கொஞ்சம் திர்ஹம் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு பிஸ்ஸாரா தேடுங்கள். காய்ந்த ஃபாவா பயறை வேகவைத்துக் கடைந்த கெட்டியான சூப், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும், கூட ரொட்டி, விலையும் குறைவு. சைவக்காரர்கள் ஹரீரா சூப்பையும் காய்கறி கூஸ்கூஸையும் (ரவை மாதிரியான கோதுமைச் சாப்பாடு) கேட்டுவிட்டே வாங்குங்கள், பெரும்பாலும் இறைச்சி சேர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் கடைகள் பலவும் மூடியிருக்கும். ரசீஃபுக்கு வந்ததும் திரும்ப மேடு ஏறாமல் சின்னச் சிவப்பு டாக்சியைப் பிடியுங்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள், இரவில் கட்டணம் ஒன்றரை மடங்கு, சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.